நீண்டதூர இணைப்புகள் உள்ள வலையமைப்பில் நிலைமாற்றம்: மாறுநிலை நடத்தையைக் கண்டறிய முழு வழிகாட்டி

ஒரு வலையமைப்பில் தொலைவான கணுக்களை (வலையமைப்பின் புள்ளிகளை) நேராக இணைக்கும் சில இணைப்புகளைச் சேர்த்தாலே நிலைமாற்றத்தின், அதாவது அமைப்பு ஒழுங்கற்ற நிலையிலிருந்து ஒழுங்கான நிலைக்கு மாறுவதன், தன்மை மாறிவிடும் என்பது இன்று பலருக்கும் தெரியும். அதைக் கேட்டதும் "அப்படியானால் சராசரிப் புலக் கோட்பாடே போதும்" என்று அடுத்த வரியை எழுதிவிடுகிற பழக்கமும் பரவியிருக்கிறது. ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாவற்றின் சராசரியை மட்டுமே உணர்கிறது என்று எளிமைப்படுத்தும் கணக்கு அது. சில வலையமைப்புகளுக்கு அது சரி. பலவற்றுக்குத் தவறு. நீண்ட இணைப்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி மட்டுமே. தூரம் கூடக்கூட அந்த இணைப்புகள் எவ்வளவு வேகமாக அரிதாகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது.

இந்த வழிகாட்டி ஐசிங் மாதிரியை வைத்தே நகரும். ஒவ்வொரு கணுவிலும் +1 அல்லது −1 என்ற ஸ்பின் (மேலோ கீழோ நோக்கும் சிறு காந்தம்), இணைந்த இரண்டு ஸ்பின்கள் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் குறைவு, அவ்வளவுதான். வெப்பநிலை மாறுநிலைப் புள்ளிக்கு (நிலைமாற்றம் நடக்கும் வெப்பநிலைக்கு) கீழே இறங்கும்போது காந்தமாக்கம் (ஸ்பின்களின் சராசரி) தோன்றும். அப்போது அளவுகள் எந்த அடுக்கோடு மாறுகின்றன என்பதைத்தான் மாறுநிலை அடுக்குகள் சொல்கின்றன. காந்தமாக்கத்துக்குப் பீட்டா, ஏற்புத்திறனுக்கு (வெளிப் புலத்துக்குக் காந்தமாக்கம் எவ்வளவு அசைகிறது) காமா, ஒட்டுறவு நீளத்துக்கு (ஸ்பின்கள் எவ்வளவு தூரம் வரை சேர்ந்து அசைகின்றன) நியூ, மாறுநிலைப் புள்ளியில் ஒட்டுறவு தேயும் விதத்துக்கு ஈட்டா. இந்த நான்கு பெயர்கள் போதும்.

ஒப்பிட இரண்டு எல்லைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அருகமை இணைப்பு மட்டும் உள்ள இருபரிமாணச் சதுரக் கட்டத்தில் பீட்டா 1/8, காமா 7/4, நியூ 1, ஈட்டா 1/4. ஓன்சாகர் 1944-ல் சரியாகத் தீர்த்த மாதிரி இது. எல்லாரும் எல்லாரோடும் இணைந்த சராசரிப் புலத்தில் பீட்டா 1/2, காமா 1. நீங்கள் ஆராயும் வலையமைப்பு இந்த இரண்டில் ஒன்றா, இரண்டுக்கும் இடையில் தனக்கென ஓர் இடம் பிடித்ததா என்பதைக் கண்டுபிடிப்பதே வேலை.

படி 1: எந்தக் குடும்பம் என்று முடிவு செய்யுங்கள்

நீண்டதூர இணைப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு குடும்பங்கள் உலவுகின்றன.

முதல் குடும்பத்தில் கணுக்களுக்கு இடம் உண்டு, தூரத்துக்குப் பொருள் உண்டு. இரண்டு கணுக்களுக்கு இடையிலான விசை, அல்லது இணைப்பு இருப்பதற்கான வாய்ப்பு, இப்படிக் குறைகிறது:

1 / தூரம்^(பரிமாணம் + சிக்மா)

சிக்மா சிறியதானால் நீண்ட இணைப்புகள் ஏராளம். பெரியதானால் அவை மிக அரிது.

இரண்டாவது குடும்பத்தில் ஓர் ஒழுங்கான கட்டம் இருக்கும். அதன்மேல் தூரத்தைப் பார்க்காமல் எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் சீரற்ற குறுக்கு வழிகள் போடப்படும். வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் 1998-ல் முன்வைத்த சிற்றுலக வலையமைப்பு இதன் முன்மாதிரி. மூன்றாவதில் இடமே கிடையாது. சில கணுக்களுக்கு மட்டும் அளவுக்கு மீறிய இணைப்புகள் இருக்கும். பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999-ல் காட்டிய வளரும் வலையமைப்பு இந்த வகை.

குடும்பம் மாறினால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். உண்மையான தரவில் மூன்றும் கலந்திருக்கலாம். அப்போது எந்தக் கூறு மேலோங்குகிறது என்று பார்க்க, தூரப் பரவலையும் இணைப்பு எண்ணிக்கைப் பரவலையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

படி 2: ஒரு சுவரின் விலையைக் கணக்கிடுங்கள்

நிலைமாற்றம் உண்டா என்பதை அறிய பெரிய கணக்கு தேவையில்லை. ஒருபரிமாணச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்பின்களும் மேல்நோக்கி இருக்கின்றன. ஒரு நீளமான துண்டை மட்டும் கீழ்நோக்கித் திருப்பினால் எவ்வளவு ஆற்றல் செலவாகும்?

அருகமை இணைப்பு மட்டும் இருந்தால் துண்டின் இரண்டு முனைகளில் மட்டுமே செலவு. துண்டு பத்து கணு நீளமா, பத்து லட்சமா என்பதில் வித்தியாசமே இல்லை. ஆனால் அந்த முனைகளை எங்கே வைப்பது என்பதற்கான தேர்வுகள் நீளத்தோடு கூடுகின்றன, அதாவது என்ட்ரோபி நீளத்தின் மடக்கையாக வளர்கிறது. நிலையான செலவுக்கு எதிரே வளரும் ஆதாயம் நின்றால் ஒழுங்கு தோற்றே தீரும். ஒருபரிமாணத்தில் நிலைமாற்றம் இல்லை என்று ஐசிங் 1925-ல் வெளியிட்ட முடிவின் உட்பொருள் இதுதான்.

இப்போது 1/தூரம்^(1+சிக்மா) என்ற விசையைப் போடுங்கள். திருப்பிய துண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கணுவும் வெளியே இருக்கும் ஒவ்வொரு கணுவோடும் முரண்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் செலவு நீளம்^(1−சிக்மா) என்று வளரும். சிக்மா 1-க்குக் குறைவாக இருந்தால் இது மடக்கையைவிட வேகமான வளர்ச்சி. செலவு வெல்கிறது, தாழ்ந்த வெப்பநிலையில் ஒழுங்கு நிலைக்கிறது. ஃப்ரீமன் டைசன் 1969-ல் 0 < சிக்மா < 1 என்ற பகுதிக்கு இதை முறையாக நிறுவினார். சிக்மா 1-ஐத் தாண்டினால் செலவு ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும், நிலைமாற்றமும் கிடையாது.

சிக்மா சரியாக 1 ஆக இருக்கும் இடம்தான் மிக அழகானது. அங்கே செலவும் மடக்கை, என்ட்ரோபியும் மடக்கை. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதால் வெப்பநிலையே நடுவராகிறது. இங்கே நிலைமாற்றம் உண்டு என்றும், அந்தப் புள்ளியில் காந்தமாக்கம் படிப்படியாகச் சுழியத்துக்கு இறங்காமல் ஒரே தாவலாக விழும் என்றும் தவுலஸ் 1969-ல் வாதிட்டார். நிலைமாற்றம் இருப்பதை ஃப்ரோலிக், ஸ்பென்சர் இருவரும் 1982-ல் நிறுவினார்கள். தாவலுக்கான கணித நிரூபணம் 1988-ல் வந்தது. காந்தமாக்கம் தாவினாலும் ஒட்டுறவு நீளம் முடிவிலிக்குப் போகிறது. முதல்வகை (தாவலாக நடப்பது), இரண்டாம்வகை (படிப்படியாக நடப்பது) என்ற பழைய பிரிப்பில் இதை அடைக்க முடியாது.

சிக்மா 0-க்குக் கீழே போனால், முழுமையாக இணைந்த மாதிரியில் ஒரு கணுவின் மேல் விழும் மொத்த விசையே முடிவிலியாகும். அப்போது விசையைக் கணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தோடு பார்த்தால் அது சராசரிப் புலம்தான்.

படி 3: சிக்மா எந்தப் பகுதியில் விழுகிறது என்று பாருங்கள்

நிலைமாற்றம் உண்டு என்று தெரிந்துவிட்டது. அது எந்தப் பொதுமை வகுப்பை (ஒரே மாறுநிலை அடுக்குகளைக் கொண்ட மாதிரிகளின் கூட்டத்தை) சேர்ந்தது? இதற்கு விடை தந்தது ஃபிஷர், மா, நிக்கல் மூவரும் 1972-ல் செய்த மறு இயல்பாக்கக் கணக்கு. குறுகிய தூர விவரங்களைப் படிப்படியாக நீக்கி, பெரிய அளவில் எஞ்சுவதைப் பார்க்கும் முறை அது. அதன் சாரத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

அலை எண்ணின் (அலைநீளத்துக்குத் தலைகீழாக மாறுவது) மொழியில் எழுதினால், அருகமை இணைப்புகள் அலை எண்ணின் வர்க்கமாக வரும். நீண்டதூர இணைப்புகள் அலை எண்^சிக்மா என்று வரும். நீண்ட தூரம் என்றால் சிறிய அலை எண். சிறிய எண்ணுக்குத் தாழ்ந்த அடுக்கே பெரியது, ஆகவே சிக்மா 2-க்குக் குறைவாக இருந்தால் நீண்டதூர உறுப்பு மேலோங்கும். அடுத்து, ஏற்ற இறக்கங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நான்காம் அடுக்கு உறுப்பின் வலிமை, அளவைப் பெரிதாக்கும்போது (2 × சிக்மா − பரிமாணம்) என்ற அடுக்கில் மாறுகிறது. இது எதிர்ம எண்ணாக இருந்தால் அந்தப் பிணைப்பு தேய்ந்துபோகும், மிச்சமிருப்பது சராசரிப் புலம்.

ஆக முதல் எல்லை: சிக்மா, பரிமாணத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால் சராசரிப் புலம். ஒருபரிமாணத்தில் 0.5, இருபரிமாணத்தில் 1, முப்பரிமாணத்தில் 1.5. இந்தப் பகுதியிலும் எல்லா அடுக்குகளும் வழக்கமானவை அல்ல. பீட்டா 1/2, காமா 1 என்பவை அப்படியே இருக்கும், ஆனால் நியூ 1/சிக்மா ஆகும், ஈட்டா 2−சிக்மா ஆகும்.

இந்த எல்லையைத் தாண்டியதும் இடைப்பட்ட பகுதி. இங்கே நியூவும் காமாவும் சிக்மாவோடு தொடர்ந்து மாறும், அவற்றுக்கு எளிய சூத்திரம் கிடையாது. ஆனால் ஈட்டா மட்டும் 2−சிக்மா என்றே நிற்கும். காரணம் நுட்பமானது. மறு இயல்பாக்கம் குறுகிய தூர விவரங்களைத் தொகுத்து நீக்கும்போது அலை எண்ணின் முழு எண் அடுக்குகளை மட்டுமே புதிதாக உருவாக்கும். சிக்மா என்ற பின்ன அடுக்கை அதனால் தொடவே முடியாது. தொடப்படாத உறுப்பு, திருத்தம் பெறாத அடுக்கைத் தருகிறது.

சரி, இந்த இடைப்பகுதி எங்கே முடிகிறது? 1972-ன் கணக்கைப் படித்தால் சிக்மா 2-ல் முடியவேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2-ஐ நெருங்கும்போது ஈட்டா 0 ஆகும், ஆனால் அருகமை மாதிரியின் ஈட்டா இருபரிமாணத்தில் 1/4. எல்லையில் அது திடீரென 0-விலிருந்து 1/4-க்குக் குதிக்க வேண்டியிருக்கும். சாக் 1973-ல் இதைச் சரிசெய்தார். நீண்டதூர உறுப்பை வெறும் 2-ஓடு ஒப்பிடக் கூடாது, அருகமை மாதிரியின் மாறுநிலைப் புள்ளியில் உண்மையாக நிலவும் அடுக்கான 2−ஈட்டாவோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார். இருபரிமாணத்தில் எல்லை 7/4, முப்பரிமாணத்தில் ஏறக்குறைய 1.964. அதற்கு மேல் சிக்மா போனால் நீண்ட இணைப்புகள் இருந்தும் மாறுநிலை நடத்தை அருகமை மாதிரியுடையதே.

இந்தத் திருத்தம் சரியென்று என்னை முழுதாக நம்பவைப்பது ஒரு சிறிய கணக்கு. இடைப்பகுதியில் பீட்டா/நியூ என்ற விகிதம் (பரிமாணம் − சிக்மா)/2. இருபரிமாணத்தில் சிக்மா 7/4 என்று போடுங்கள், 1/8 வரும். அருகமை மாதிரியின் விகிதமும் அதே 1/8. ஒட்டு தெரியாமல் இணைகிறது. மறுமுனையில் ஒருபரிமாணத்தில் சிக்மா 1 என்று போட்டால் விகிதம் 0. மாறுநிலைப் புள்ளியில் காந்தமாக்கம் அளவோடு தேயவே இல்லை என்று பொருள். தவுலஸ் சொன்ன தாவல் அது! இரண்டு வெவ்வேறு வழிகளில் வந்த முடிவுகள் இப்படிக் கைகோப்பதைப் பார்க்கும்போதுதான் இந்தப் பாடத்தின் மேல் பிடிப்பு வருகிறது.

லூய்ட்டனும் ப்ளோட்டேவும் 2002-ல் வெளியிட்ட மான்டி கார்லோ (சீரற்ற எண்களைக் கொண்டு கணினியில் ஓட்டும்) முடிவுகள் சாக்கின் எல்லையை ஆதரித்தன. அதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. எல்லைக்கு மிக அருகில் மடக்கைத் திருத்தங்கள் வந்து எண்களைக் குழப்புவதே காரணம். உங்கள் சிக்மா 7/4-க்கு மிக அருகில் இருந்தால் கணினி தரும் அடுக்கைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை நம்பாதீர்கள்.

ஒரு குறுக்குக் குறிப்பு. சுழிய வெப்பநிலையில் நடக்கும் குவாண்டம் நிலைமாற்றத்துக்கு இந்த எல்லைகள் பொருந்தாது. அங்கே காலமும் ஒரு கூடுதல் திசையாகச் சேர்வதால், குறுக்குப் புலத்தில் (ஸ்பின்களின் திசைக்குச் செங்குத்தான காந்தப் புலத்தில்) உள்ள ஐசிங் மாதிரிக்குச் சராசரிப் புல எல்லை பரிமாணத்தில் மூன்றில் இரண்டு பங்காக உயர்கிறது. பொறியில் அடைத்த அயனிகளை வைத்து நடக்கும் சோதனைகளைப் படிக்கும்போது எந்த எல்லையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

படி 4: பாதை குறுகியது என்பதால் சராசரிப் புலம் என்று முடிவு கட்டாதீர்கள்

அதிகமாகச் சறுக்கும் இடம் இது. வலையமைப்பை ஆராய்பவர்கள் முதலில் அளப்பது இரண்டு கணுக்களுக்கு இடையிலான சராசரிப் பாதை நீளத்தை. அது கணுக்களின் எண்ணிக்கையோடு மிக மெதுவாக வளர்ந்தால் "சிற்றுலகம்" என்று பெயரிட்டு, கூடவே சராசரிப் புலம் என்றும் எழுதிவிடுகிறார்கள்.

இந்த இரண்டும் ஒன்றல்ல. தூரத்தைப் பொறுத்த இணைப்பு வாய்ப்பு உள்ள வலையமைப்பில், சிக்மா 0-க்கும் பரிமாணத்துக்கும் இடையில் இருந்தால் பாதை நீளம் தூரத்தின் மடக்கையின் ஓர் அடுக்காகவே வளரும் என்று பிஸ்குப் 2004-ல் நிறுவினார். அதாவது இருபரிமாணத்தில் சிக்மா 2 வரை பாதைகள் மிகக் குறுகியவை. ஆனால் சராசரிப் புலம் சிக்மா 1-லேயே முடிந்துவிடுகிறது. 1-க்கும் 7/4-க்கும் இடையில் பாதை குறுகியது, அடுக்குகளோ சராசரிப் புலத்துடையவை அல்ல. 7/4-க்கும் 2-க்கும் இடையில் இன்னும் வியப்பு: பாதை அங்கும் குறுகியதுதான், ஆனால் மாறுநிலை அடுக்குகள் குறுக்கு வழியே இல்லாத சதுரக் கட்டத்தின் அடுக்குகளாக இருக்கும்.

ஏன் இப்படி? குறுகிய பாதை ஒன்று இருந்தால் போதும், செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பின்களின் ஏற்ற இறக்கங்களை அடக்க ஒரு பாதை போதாது. ஒரு பகுதியையும் மற்றொரு பகுதியையும் இணைக்கும் இணைப்புகளின் மொத்த எடை பெரிதாக இருக்க வேண்டும். பாதை நீளம் மிகச் சிறந்த ஒரே வழியைப் பார்க்கிறது, நிலைமாற்றம் எல்லா வழிகளையும் கூட்டிப் பார்க்கிறது.

படி 5: சீரற்ற குறுக்கு வழிகளுக்கு ஒரே ஒரு பெருக்கல்

இரண்டாவது குடும்பத்துக்கு வருவோம். இங்கே குறுக்கு வழிகள் தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை, ஆகவே மிகப் பெரிய அமைப்பில் இறுதி விடை சராசரிப் புலமே. பாராவும் வைக்ட்டும் 2000-ல் காட்டியபடி, குறுக்கு வழிகளின் விகிதம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுழியமாக இல்லாதவரை நிலைமாற்றம் உண்டு.

கேள்வி, அந்த இறுதி விடை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பது. குறுக்கு வழி இல்லாத கட்டத்தில் ஒரு ஸ்பின்னோடு சேர்ந்து அசையும் கொத்தின் அளவு, ஏற்புத்திறன். அந்தக் கொத்துக்குள் சராசரியாக ஒரு குறுக்கு வழியாவது இருந்தால் கொத்துகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே நிபந்தனை: குறுக்கு வழி விகிதம் × ஏற்புத்திறன் ≈ 1.

ஒருபரிமாணத்தில் கொத்தின் நீளம், வெப்பநிலை இறங்கும்போது அடுக்குக்குறி வேகத்தில் வளர்கிறது. இதைப் போட்டால் மாறுநிலை வெப்பநிலை ஏறக்குறைய 2 / மடக்கை(1/விகிதம்) என்று வரும். விசை வலிமையையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் 1 என்று எடுத்திருக்கிறேன், மடக்கை இயல்மடக்கை. விகிதம் ஆயிரத்தில் ஒன்று என்றால் சுமார் 0.29. பத்து லட்சத்தில் ஒன்று என்றால் சுமார் 0.145. இணைப்புகளை ஆயிரம் மடங்கு குறைத்தும் வெப்பநிலை பாதியாக மட்டுமே இறங்குகிறது.

இருபரிமாணத்தில் அதே நிபந்தனை, மாறுநிலை வெப்பநிலை விகிதம்^(4/7) என்ற அளவில் மேலே நகரும் என்கிறது. கூடவே, ஒட்டுறவு நீளம் விகிதம்^(−4/7) என்ற அளவை எட்டும்வரை அமைப்பு சாதாரண சதுரக் கட்டம் போலவே நடந்துகொள்ளும். விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று என்றால் அந்த நீளம் ஏறத்தாழ 190 கணுக்கள். 64 பக்க அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு பீட்டா 1/8 என்று அறிவிப்பது எவ்வளவு எளிதான தவறு என்று பாருங்கள். பக்க நீளம் இந்தக் கடப்பு நீளத்தைப் போல் பல மடங்காக இருந்தால்தான் உண்மை முகம் தெரியும்.

படி 6: மையக் கணுக்கள் இருந்தால்

மூன்றாவது குடும்பத்தில் தூரம் இல்லை, ஆகவே சிக்மாவும் இல்லை. இங்கே ஆட்சி செய்வது இணைப்பு எண்ணிக்கைப் பரவலின் வால். அதன் அடுக்கைப் பரவல் அடுக்கு என்போம். இணைப்பு எண்ணிக்கையின் சராசரியையும் வர்க்கச் சராசரியையும் கணக்கிட்டு, சராசரியை (வர்க்கச் சராசரி − சராசரி) ஆல் வகுங்கள். கிடைக்கும் எண், விசை/வெப்பநிலையின் மீவளையத் தொடுகோட்டுக்கு (டான்எச்) மாறுநிலைப் புள்ளியில் சமம். டோரோகோவ்ட்சேவ் குழுவும் லியோனே குழுவும் 2002-ல் தனித்தனியே கண்ட விடை இது, கணுக்களின் இணைப்புகளுக்குள் வேறு ஒட்டுறவு இல்லாதவரை பொருந்தும்.

பரவல் அடுக்கு 5-க்கு மேல் இருந்தால் வழக்கமான சராசரிப் புலம், பீட்டா 1/2. 3-க்கும் 5-க்கும் இடையில் பீட்டா 1/(பரவல் அடுக்கு − 3) என்று உயர்ந்துகொண்டே போகும். 3-ஐத் தொட்டதும் வர்க்கச் சராசரி முடிவிலியாகிவிடும், மாறுநிலை வெப்பநிலையும் அதோடு முடிவிலிக்குப் போய்விடும். பராபாசி–ஆல்பர்ட் வலையமைப்பு சரியாக 3-ல் நிற்கிறது, அதில் மாறுநிலை வெப்பநிலை கணுக்களின் எண்ணிக்கையின் மடக்கையாக உயர்ந்துகொண்டே இருக்கும். நோய்ப் பரவலில் பாஸ்டர்-சடோராஸ், வெஸ்பிஞானி இருவரும் 2001-ல் கண்ட மறையும் வாசலும் (நோய் பரவத் தேவையான குறைந்தபட்சத் தொற்று வேகம் சுழியமாவதும்) இதே வர்க்கச் சராசரியின் விளையாட்டே.

படி 7: கணினியில் கட்டுதல்

முதல் குடும்பத்தை அப்படியே எழுதினால் எல்லா ஜோடிகளும் விசை கொண்டவை, ஒரு சுற்றுக்கு ஆகும் வேலை கணுக்களின் வர்க்கம். லூய்ட்டனும் ப்ளோட்டேவும் 1995-ல் தந்த கொத்து முறை (ஸ்பின்களை ஒவ்வொன்றாக அல்லாமல் கொத்தாகத் திருப்புவது) இதை ஏறக்குறைய கணுக்களின் எண்ணிக்கை × அதன் மடக்கை என்ற அளவுக்குக் குறைக்கிறது. முழு மாதிரியே வேண்டும் என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மாற்று வழி, அடர்த்தி குறைத்த வலையமைப்பு. ஒரு கணுவைச் சீராகத் தேர்ந்தெடுங்கள். 1/தூரம்^(பரிமாணம் + சிக்மா) வாய்ப்புப்படி ஓர் இடப்பெயர்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இருக்கும் கணுவோடு, முன்பே இணைப்பு இல்லாவிட்டால், இணையுங்கள். சராசரி இணைப்பு எண்ணிக்கை நீங்கள் விரும்பிய அளவை, உதாரணமாக 6-ஐ, எட்டும்வரை தொடருங்கள். விளிம்புகளை வட்டமாக மூடிவிடுங்கள், தூரத்தையும் அந்த வட்டத்தில்தான் அளக்க வேண்டும். அப்புறம் வோல்ஃப் 1989-ல் தந்த கொத்துத் திருப்பல் முறை அப்படியே வேலை செய்யும். ஒரே திசையில் உள்ள இணைந்த ஸ்பின்னைக் கொத்தில் சேர்க்கும் வாய்ப்பு 1 − எக்ஸ்ப்(−2 × விசை/வெப்பநிலை).

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. முழு மாதிரியும் அடர்த்தி குறைத்த மாதிரியும் ஒரே எல்லைகளைக் கொண்டவை, ஆனால் இடைப்பகுதியில் ஒரே நியூவைத் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாரிஸ் 1974-ல் தந்த அளவுகோலின்படி, தூய மாதிரியில் (சீரின்மை இல்லாததில்) நியூ × பரிமாணம் 2-க்குக் குறைவாக இருந்தால், உறைந்த சீரின்மை (ஓட்டத்தின்போது மாறாத சீரற்ற இணைப்புகள்) அடுக்குகளை மாற்றும். சராசரிப் புல எல்லையைத் தாண்டிய உடனே ஐசிங் மாதிரிக்கு அந்தப் பெருக்கல் 2-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஒன்றின் எண்ணை மற்றதன் கட்டுரையோடு ஒப்பிட்டு "பொருந்தவில்லை" என்று கவலைப்படாதீர்கள்.

சீரின்மை இருப்பதால் பல வலையமைப்பு மாதிரிகளை உருவாக்கிச் சராசரி எடுக்க வேண்டும். மாதிரிக்கு மாதிரி வேறுபாடுதான் பெரும்பாலும் பிழையின் முக்கிய ஊற்று. ஒரே வலையமைப்பை நீண்ட நேரம் ஓட்டுவதைவிட, பல வலையமைப்புகளை அளவான நேரம் ஓட்டுவது நல்லது.

நிரலை நம்புவதற்கு முன் விடை தெரிந்த இடங்களில் சோதித்துவிடுங்கள். சதுரக் கட்டத்தில் மாறுநிலை வெப்பநிலை 2.269. ஒவ்வொரு கணுவுக்கும் சரியாக 3 இணைப்புகள் உள்ள சீரற்ற வலையமைப்பில் 1.820, 4 இணைப்புகள் என்றால் 2.885. விசையைக் கணுக்களின் எண்ணிக்கையால் வகுத்த முழு இணைப்பு வலையமைப்பில் 1. இந்த நான்கும் வராவிட்டால் வேறெதுவும் சரியாக வராது.

படி 8: அளவிடுதல், அளவு ஆய்வு

ஒவ்வொரு வெப்பநிலையிலும் காந்தமாக்கத்தின் இரண்டாம், நான்காம் அடுக்குச் சராசரிகளைச் சேமியுங்கள். அவற்றிலிருந்து பைண்டர் 1981-ல் அறிமுகப்படுத்திய விகிதம் கிடைக்கும்:

1 − (நான்காம் அடுக்குச் சராசரி) / (3 × இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கம்)

வெவ்வேறு அளவுகளுக்கான இந்தக் கோடுகள் மாறுநிலைப் புள்ளியில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் உயரமும் பொதுமை வகுப்பைச் சொல்லும் தடயம்தான். வட்டமாக மூடிய சதுரக் கட்டத்தில் அது ஏறக்குறைய 0.611, சராசரிப் புலத்தில் 0.2705. சிக்மாவைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த உயரம் 0.2705-லிருந்து மேலே ஏறுவதைக் காணலாம். வெட்டுப்புள்ளி அளவோடு நகரும், ஆகவே அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வெட்டை எடுத்து, அது எங்கே போய் நிற்கிறது என்று நீட்டிப் பாருங்கள்.

அடுத்து, எதை "அளவு" என்று எடுப்பது? சராசரிப் புலப் பகுதியில் பக்க நீளத்தையும் நியூவையும் வைத்து வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் தவறான விடை வரும். அங்கே கணுக்களின் மொத்த எண்ணிக்கையே சரியான மாறி. மாறுநிலைப் புள்ளியில் காந்தமாக்கம் எண்ணிக்கை^(−1/4) என்று தேயும், ஏற்புத்திறன் எண்ணிக்கை^(1/2) என்று வளரும், வெப்பநிலைச் சாளரம் (மாறுநிலை நடத்தை தெரியும் வெப்பநிலை அகலம்) எண்ணிக்கை^(−1/2) என்று குறுகும். சிக்மா எதுவாக இருந்தாலும், குறுக்கு வழிகள் சீரற்றவையாக இருந்தாலும், இந்த மூன்றும் அவையே. மையக் கணுக்கள் உள்ள குடும்பத்தில் பரவல் அடுக்கு 5-க்கு மேல் இருக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இடைப்பகுதியில் பக்க நீளத்துக்குத் திரும்புங்கள். காந்தமாக்கம் நீளம்^(−(பரிமாணம் − சிக்மா)/2) என்று தேய வேண்டும், ஏற்புத்திறன் நீளம்^சிக்மா என்று வளர வேண்டும். இந்த இரண்டும் முன்கூட்டியே தெரிந்தவை, ஆகவே அவற்றை அளப்பது கண்டுபிடிப்பல்ல, சரிபார்ப்பு. உண்மையில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது நியூ ஒன்றை மட்டுமே. அதைப் பைண்டர் கோடுகளின் சாய்வு அளவோடு வளரும் விதத்திலிருந்து எடுங்கள்.

சிக்மா சரியாகப் பரிமாணத்தில் பாதியாக இருந்தால் மடக்கைத் திருத்தங்கள் வரும். அப்போது நேர்கோட்டைப் பொருத்தினால் அடுக்கு கொஞ்சம் தள்ளியே வரும், எவ்வளவு பெரிய அளவுக்குப் போனாலும் அது மெதுவாகத்தான் சரியாகும்.

படி 9: ஸ்பின்னே இல்லாமல் ஒரு சரிபார்ப்பு

வலையமைப்பின் கட்டமைப்பை மட்டும் வைத்து ஒரு சோதனை உண்டு. லாப்லாசியன் அணியின் (மூலைவிட்டத்தில் ஒவ்வொரு கணுவின் இணைப்பு எண்ணிக்கை, இணைந்த ஜோடிகளுக்கு −1) சிறிய ஐகன் மதிப்புகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று பாருங்கள். அடர்த்தி, ஐகன் மதிப்பு^(நிறமாலைப் பரிமாணம்/2 − 1) என்று மாறும். நீண்டதூரக் குடும்பத்தில் சிக்மா 2-க்குக் குறைவாக இருக்கும்போது நிறமாலைப் பரிமாணம் 2 × பரிமாணம்/சிக்மா. அது 4-ஐத் தாண்டும் இடம் சிக்மா பரிமாணத்தில் பாதியாகும் இடமே. அதாவது சராசரிப் புல எல்லை இங்கேயும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

தரவிலிருந்து எடுத்த, சிக்மா இன்னதென்று தெரியாத வலையமைப்புக்கு இது பெரிய உதவி. ஆயிரக்கணக்கான கணுக்கள் இருந்தால் சிறிய ஐகன் மதிப்புகளை மட்டும் கணக்கிட்டு நிறமாலைப் பரிமாணத்தை மதிப்பிடலாம். அது 4-ஐவிடத் தெளிவாக அதிகம் என்றால், கனமான மையக் கணுக்கள் இல்லாதவரை, சராசரிப் புலத்தை எதிர்பார்க்கலாம். 4-க்குக் கீழே என்றால் முழு அளவு ஆய்வுக்குத் தயாராகுங்கள். ஆனால் மேல் எல்லையான 2−ஈட்டாவை நிறமாலைப் பரிமாணத்தால் பார்க்க முடியாது, ஏனெனில் ஈட்டா ஸ்பின்களின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிறப்பது, கட்டமைப்பில் மட்டும் அது இல்லை. இருபரிமாணத்தில் சிக்மா 1.6-ஆ, 1.9-ஆ என்று பிரித்தறிய வேண்டுமானால் படி 8-க்கே திரும்ப வேண்டும். முதலில் ஏற்புத்திறன் எந்த அடுக்கில் வளர்கிறது என்று பாருங்கள். 1.6 என்றால் அடுக்கும் 1.6. 1.9 என்றால் அடுக்கு 7/4-ல் போய் நின்றுவிடும்.